பல்கலைக்கழகத்தின் வாயில்: வந்தாறுமூலை நமக்குக் கற்பிக்கும் பாடம்

மீன்பாடும் தேன்நாடு என்று போற்றப்படும் மட்டக்களப்பிலே பிறந்தோர்க்குக் கல்வியைப் பற்றிப் பேசுவது என்றும் உவப்பான காரியமாகும். வாவியின் இருமருங்கிலும் நம் முன்னோர் வயல் விளைத்தனர், மீன் பிடித்தனர், கூத்தாடினர், அவற்றோடு பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்பினர். 1814ஆம் ஆண்டிலே வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியார் இங்கு வந்திறங்கினார். மறு ஆண்டே அவர் இம்மண்ணிற் கண்மூடினார். எனினும், அவர் தொடங்கிய கல்விப்பணி மத்திய கல்லூரியாக நிலைத்தது. 1873இல் புனித மிக்கேல் கல்லூரி எழுந்தது. 1929இல் சுவாமி விபுலாநந்தர் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். மிஷன் பள்ளியிலே எழுத்தறிந்த நான், இந்து இளைஞர்களின் மலரிலே எழுதுவதும் இம்மாவட்டத்தின் கல்விமரபுக்குப் பொருந்தியதே. கல்விக்கு வாயில்கள் பலவாயினும் உள்ளே ஏற்றப்படும் விளக்கு ஒன்றேயன்றோ?

இத்தகைய நாட்டிலே ஒரு பல்கலைக்கழகம் உண்டு. செங்கலடியைக் கடந்து வடக்கே செல்லும் பெருந்தெருவில், வந்தாறுமூலை என்னும் ஊரிலே அது அமைந்துள்ளது. அதன் வாயிலைப் பேருந்திலிருந்து பலமுறை பார்த்துள்ளேன். பார்க்கும் போதெல்லாம் மூன்று கேள்விகள் என் மனத்தில் எழுவதுண்டு. அவ்வாயிலுக்குள் புகுந்தவனுக்கு உயிர்க்காவல் உண்டா? தன் மனத்திற் பட்டதை அவன் அச்சமின்றிச் சொல்ல முடியுமா? அவனுக்கு ஒரு குறை நேர்ந்தால் அதைக் கேட்டு முடிவு சொல்லும் நிர்வாகம் உண்டா? இம்மூன்றும் வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றும். ஆயினும், ஒன்று வீழ்ந்தால் மற்றையவையும் வீழ்கின்றன என்பதே வரலாறு காட்டும் உண்மை. அவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய உலகின் சான்று

மாணவனுக்குக் காவல் வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 1158ஆம் ஆண்டளவிலே சக்கரவர்த்தி முதலாம் பிரெடெரிக் ஒரு சாசனம் வழங்கினான். கல்வியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்வோர் இடையூறின்றிச் சென்றுவரலாம் என்றும், பிறர் பட்ட கடனுக்காக அவர்களைப் பிடிக்கலாகாது என்றும் அது விதித்தது. பொலோனா நகரிலே கூடியிருந்த சட்ட மாணவர்க்கு அது பெருந்துணையாயிற்று. பல்கலைக்கழகம் என்ற அமைப்பு உருப்பெற்ற காலத்திலேயே கல்வியும் காவலும் இவ்வாறு இணைத்து எண்ணப்பட்டன.

1229இல் பாரிஸ் நகரில் நடந்தது இன்னும் ஊன்றி நோக்கத்தக்கது. மதுச்சாலையொன்றிலே எழுந்த சச்சரவு கலகமாக முற்ற, நகரக் காவலர் மாணவர் சிலரைக் கொன்றனர். ஆசிரியர்கள் பாடங்களை நிறுத்தினர். மாணவர்கள் நகரைவிட்டு நீங்கினர். ஏறத்தாழ இரண்டாண்டு காலம் பாரிஸ் பல்கலைக்கழகம் வெறிச்சோடிக் கிடந்தது. ஈற்றிலே 1231ஆம் ஆண்டில் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியார் ஓர் ஆணை பிறப்பித்தார். கல்விமான்களுக்கு அநீதி நேர்ந்து அதற்குப் பரிகாரம் கிட்டாவிடின் அவர்கள் பாடங்களை நிறுத்திவைக்கலாம் என்று அவ்வாணை ஒப்புக்கொண்டது. உயிர்க்காவல் குலைந்தது, ஆசிரியர் வாய்திறந்தனர், ஆட்சி விதியைத் திருத்தியது. மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்றலை இங்குக் காண்கிறோம்.

நம் காலத்துக்கு அண்மையிலும் உதாரணங்கள் உண்டு. 1964ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் பேர்க்லி வளாகத்திலே அரசியற் பிரசாரம் செய்தலாகாது என்று நிர்வாகம் தடைவிதித்தது. ஒக்டோபர் 1ஆம் திகதி தடையை மீறிய ஒருவரைப் பொலிசார் கைதுசெய்து வண்டியிலே ஏற்றினர். மாணவர் அவ்வண்டியைச் சூழ்ந்து முப்பத்திரண்டு மணிநேரம் அமர்ந்துவிட்டனர். டிசம்பர் 8ஆம் திகதி ஆசிரியர் சபை கூடி, பேச்சின் உள்ளடக்கத்தை நிர்வாகம் கட்டுப்படுத்தலாகாது என்ற தீர்மானத்தை 824 வாக்குகளுக்கு 115 என்ற கணக்கில் நிறைவேற்றியது. அடுத்த மாதமே, 1965 ஜனவரி 27ஆம் திகதி, நமக்கு மிக அண்மையிலுள்ள சிதம்பரத்திலே, மொழிப் போராட்டத்தில் இறங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். ஓரிடத்திலே வாக்கெடுப்பு, மற்றோரிடத்திலே துப்பாக்கிக் குண்டு. சபையிலே தீரவேண்டிய வழக்கைத் தெருவிலே துப்பாக்கியிடம் விட்டால் நேரும் இழப்பை இவ்விரண்டையும் ஒப்புநோக்கி அறியலாம்.

இலங்கையிலே பல்கலைக்கழகம்

அந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேதான் நம் காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகள் 1931இல் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. ஆயினும் அடிகள் பிறந்த கிழக்கு மாகாணத்திலே ஒரு பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு அவர் மறைந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

1921இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் உபவேந்தர். 1952இல் பேராதனை வளாகம் திறந்தது. 1972இல் அரசாங்கம் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் ஒரே நிறுவனமாக்கி, அவற்றை வெறும் வளாகங்களாகச் சுருக்கியது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் அவ்வரிசையிற் சேர்ந்தது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் அவற்றை மீண்டும் தனித்தனியாக்கியது. மேலே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, கீழே பேரவை, மூதவை, பீடங்கள் என்ற அமைப்பும் அச்சட்டத்தின்வழி வந்ததே.

அச்சட்டத்தின்படி உபவேந்தரைத் தெரிவுசெய்யும் முறையை இளைஞர் அறிந்திருத்தல் நன்று. பேரவை மூன்று பெயர்களைச் சிபாரிசு செய்யும். அம்மூவரில் ஒருவரை ஆணைக்குழுவின் சிபாரிசின்மேல் சனாதிபதி நியமிப்பார். பேரவை உறுப்பினரில் பெரும்பான்மையோர் வெளியிலிருந்து ஆணைக்குழுவால் நியமிக்கப்படுவோர். ஆகவே, உபவேந்தர் கல்விமானே ஆயினும் அவர் அமரும் நாற்காலியின் ஒரு கால் தலைநகரிலே ஊன்றியிருக்கின்றது. நல்ல காலத்திலே இது தெரியாது. இடர் வந்த காலத்திலேதான் தெரியும்.

இடரும் வந்தது. 1976 நவம்பர் 12ஆம் திகதி பேராதனையிலே வீரசூரிய என்ற மாணவர் பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார். 1983 மே மாதத்திலே அதே பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளைவிட்டு ஓடினர். மட்டக்களப்பிலிருந்து புகைவண்டி ஏறிச் சென்ற நம் பிள்ளைகள், பெட்டியையும் புத்தகத்தையும் விட்டு உயிரோடு மீண்டால் போதும் என்று திரும்பினர். 1989 மார்ச் 8ஆம் திகதி கொழும்புப் பல்கலைக்கழக உபவேந்தர் ஸ்ரான்லி விஜேசுந்தர சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆண்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழக உபவேந்தர் பட்டுவத்தவிதானவும் கொலையுண்டார். ஆகவே, இது ஒரு சாதியாருக்கோ ஒரு மொழியினருக்கோ மட்டும் உற்ற துயரமன்று; இலங்கையின் அறிவுலகம் முழுவதற்கும் நேர்ந்த கேடு என்க.

வந்தாறுமூலையிலே ஒரு விதை

1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் கட்டடங்களே அதற்கு முதல் இருப்பிடமாயின. மூன்றாண்டுக்கு முன், 1978 நவம்பரிலே, சூறாவளி இம்மாவட்டத்தைத் துவைத்தெடுத்திருந்தது. கூரையிழந்த மக்கள் கூரைபோட்டு நிமிரும் காலத்திலே இக்கல்லூரி பிறந்தது. விவசாயமும் விஞ்ஞானமும் முதலிற் போதிக்கப்பட்டன. 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வயலை நம்பி வாழும் நாட்டிலே விவசாய பீடம் முன்னிற்றல் எவ்வளவு பொருத்தம்! நம் மூத்தோர் அன்று மகிழ்ந்த மகிழ்ச்சியை இன்றும் கண்கள் மின்னச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் விதை முளைத்து நான்காம் ஆண்டிலேயே அதன்மேல் இடி விழுந்தது.

1990 செப்டெம்பர் 5

1990 ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. ஊர்கள் எரிந்தன. அயலிலுள்ள மக்கள் எங்கே ஓடுவர்? பல்கலைக்கழக வாயிலை நோக்கி ஓடினர். அரசாங்கத்தின் கட்டடம், கல்விக்கூடம், அங்கே படித்தவர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையே அவர்களை அங்கு இழுத்தது. விரிவுரை மண்டபங்களிலும் ஆய்வுகூடங்களிலும் மரநிழல்களிலும் பல்லாயிரம் பேர் தங்கினர். அத்தொகை நாற்பத்தையாயிரம் வரை எட்டியதென்பர். விரிவுரையாளர் தங்கமுத்து ஜெயசிங்கம் முதலிய சிலர் வளாகத்திலேயே நின்று அம்முகாமை நடத்தினர். பாடம் நடத்த வந்தவர்கள் கஞ்சி ஊற்றவும் பெயர் எழுதவும் நேர்ந்த காலம் அது.

அக்காலத்தின் கொடுமை எப்பக்கத்திலும் இருந்தது. உண்மையைச் சொல்லப் புகுந்தவன் முழுவதையும் சொல்லவேண்டும். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியிலே பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் கொன்றனர். சில நாள்களில் ஏறாவூரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஓகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்க யேசுசபைக் குருவானவர் யூஜின் ஹேபேட் அடிகளார், தம்முடன் வந்த தமிழ் இளைஞனோடு வழியிலே காணாமற்போனார். மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பயிற்றியவர் அவர். நாடு விட்டு வந்து நம் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை.

செப்டெம்பர் 5ஆம் திகதி படையினர் பல்கலைக்கழக வளாகத்துள் நுழைந்தனர். மக்களை வரிசையாக நிறுத்தினர். முகத்தை மூடிய தலையாட்டிகளின் முன்னால் ஒவ்வொருவராக நடக்கச் செய்தனர். தலை அசைந்த பக்கம் நின்றவர்கள் பிரித்தெடுக்கப்பட்டனர். நூற்றைம்பத்தெட்டுப் பேர் பேருந்துகளில் ஏற்றிச் செல்லப்பட்டனர். தாய்மார் வண்டிகளின் பின்னால் ஓடினர். போனவர்கள் திரும்பவில்லை. அம்மாதத்திலேயே மேலும் சிலர் அம்முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலே ஊர்மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர், குழந்தைகளும் பெண்களும் உட்பட, கொல்லப்பட்டனர்.

1994இல் அமைந்த அரசாங்கம் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க ஆணைக்குழுக்களை நியமித்தது. வடக்கு கிழக்குக்கான ஆணைக்குழு நீதியரசர் பாலகிட்ணர் தலைமையில் அமர்ந்தது. வந்தாறுமூலை முகாமிலிருந்து மக்கள் கொண்டுசெல்லப்பட்டது பற்றிய சாட்சியத்தை அது ஏற்றுக்கொண்டு, பொறுப்பானவர்கள்மீது நடவடிக்கை எடுத்தற்கு ஆதாரமுண்டு என்று முடிவு கூறியது. முடிவு காகிதத்திலே நின்றது. நூற்றைம்பத்தெட்டு வீடுகளுக்கும் பதில் வரவில்லை.

இங்கே ஒன்றைக் கருதுவோம். முகாமை நடத்திய ஆசிரியர்கள் பெயர்களைத் திரட்டி எழுதிவைத்தனர். அந்தப் பட்டியல் இல்லையேல் ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்வது எவர்க்கும் எளிதாகியிருக்கும். துப்பாக்கிக்கு முன்னால் ஆசிரியனிடம் இருந்தது எழுதுகோல் ஒன்றே. அந்த எழுதுகோலும் இல்லாதிருந்தால் இன்று ஆண்டுதோறும் செப்டெம்பர் 5ஆம் திகதி விளக்கேற்றுவதற்குப் பெயர்களே எஞ்சியிரா. பதிவேடு என்பது அலுவலகத் தூசியன்று. நீதியின் முதற்படி அதுவே.

பேசிய வாய்

உயிர்க்காவல் குலைந்தபோது பேச்சும் ஒடுங்கியது. அதனை ஒடுக்கியோர் அரசாங்கத்தார் மட்டுமல்லர். நம்மவரே நம்மவர் வாயைப் பொத்தினர் என்ற கசப்பான உண்மையை மறைத்தல் ஆகாது.

1986 நவம்பரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்டிருந்த மட்டக்களப்பு மாணவர் அருணகிரிநாதன் விஜிதரன் கடத்தப்பட்டார். அவர் நம் மாவட்டத்துப் பிள்ளை. அவர் எங்கே என்று கேட்டுச் சக மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தனர், ஊர்வலம் போயினர். அன்று யாழ்ப்பாணத்தில் ஆதிக்கம் செலுத்திய ஆயுதம் தாங்கியோரை நோக்கி, நிராயுதபாணிகளான மாணவர்கள் ‘எங்கள் தோழனைத் தா’ என்று கேட்டது சாதாரண துணிவன்று. விஜிதரன் மீளவில்லை. அப்போராட்டத்தை முன்னின்று நடத்திய மாணவர் விமலேஸ்வரன் 1988 ஜூலை மாதத்திலே சுட்டுக்கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்து மாணவர் ஒரு மட்டக்களப்பு மாணவனுக்காக உயிர்கொடுத்தனர் என்பதை, பிரதேசம் பேசிப் பிளவு வளர்ப்போர் நினைந்து பார்க்கவேண்டும்.

அதே பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவி ராஜினி திராணகம. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பை 1988இல் நிறுவியோருள் அவர் ஒருவர். ‘முறிந்த பனை’ என்னும் நூலைச் சக ஆசிரியர் மூவரோடு எழுதினார். அரசபடை, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் என்ற வேறுபாடின்றிக் குற்றம் எங்கிருந்தாலும் அதைக் குற்றமென்றார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, வகுப்பு முடிந்து துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பும் வழியில் அவர் சுடப்பட்டு வீழ்ந்தார். வயது முப்பத்தைந்து. 1991இல் நாடகமும் அரங்கியலும் பயின்ற கவிஞர் செல்வி விடுதலைப் புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்டார். மறு ஆண்டு எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு எழுத்துச் சுதந்திர விருது வழங்கியது. விருதைப் பெற அவர் வரவில்லை.

போர் 2009இல் ஓய்ந்தது. அச்சம் உடனே ஓயவில்லை. 2012 நவம்பர் 27ஆம் திகதி விளக்கேற்றியதைத் தொடர்ந்து யாழ். பல்கலைக்கழக மாணவர் நால்வர் கைதாகித் தடுத்துவைக்கப்பட்டனர். 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டியிலே இரு மாணவர் பொலிசாரின் சூட்டிலே மாண்டனர்; முதலில் அது வீதிவிபத்தென்று சொல்லப்பட்டது. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு, அவ்வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி நிர்வாகத்தாலேயே இடிக்கப்பட்டது. மாணவர் வாயிலிலே உண்ணாவிரதமிருந்தனர். மூன்று நாள்களில் அதே நிர்வாகம் மீண்டும் அடிக்கல் நாட்டிற்று. மேலிடத்துக்கு அஞ்சி இடித்த கையே மாணவர் குரலுக்கு இணங்கிக் கல் வைத்தது. அமைதியான பேச்சுக்கு வலியுண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

உபவேந்தரின் நாற்காலி

நிற்க. வந்தாறுமூலைக்குத் திரும்புவோம். 2006ஆம் ஆண்டு கிழக்கிலே ஆயுதம் தாங்கியோர் பிளவுண்டு மோதிய காலம். செப்டெம்பர் 30ஆம் திகதி கலைகலாசார பீடாதிபதி பாலசுகுமார் கடத்தப்பட்டார். அவரை விடவேண்டுமாயின் உபவேந்தர் பதவி விலகவேண்டும் என்பது கடத்தியோரின் நிபந்தனை. உபவேந்தர் பேராசிரியர் சிவசுப்பிரமணியம் ரவீந்திரநாத் பதவியைப் பெரிதாக எண்ணவில்லை; சக ஆசிரியரின் உயிரைப் பெரிதாக எண்ணினார். விலகற் கடிதத்தை மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பினார். பீடாதிபதி விடுவிக்கப்பட்டார். ஆனால் ஆணைக்குழு விலகலை ஏற்கவில்லை. உபவேந்தர் கொழும்பிலிருந்து கடமையாற்ற நேர்ந்தது.

மட்டக்களப்பிலே காவல் இல்லை. தலைநகரிலே உண்டு என்பது எண்ணம். 2006 டிசம்பர் 15ஆம் திகதி கொழும்பிலே, பாதுகாப்பு மிகுந்த வித்யா மாவத்தையில், விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் மாநாட்டுக்கு அவர் சென்றார். அங்கிருந்து வீடு திரும்பவில்லை. பல்கலைக்கழகத்தின் தலைவரே, பட்டப்பகலில், விஞ்ஞானிகள் கூடிய சபையின் வாயிலிலிருந்து மறைந்தார். அன்று அரச படைகளோடு இணைந்து இயங்கிய கருணா அணியினர்மீது மனித உரிமை அமைப்புகள் சந்தேகம் எழுப்பின. பத்தொன்பதாம் ஆண்டிலே, 2025 ஏப்ரலில், இவ்விடயம் தொடர்பாக முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தன் மட்டக்களப்பிலே கைதுசெய்யப்பட்டார். கைது தீர்ப்பாகாது, தீர்ப்பு நீதிமன்றின் கையிலுள்ளது. எனினும், ஒரு கேள்வியைக் கேட்க இந்நாடு பதினெட்டு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டதே என்ற வேதனை எளிதில் ஆறுவதன்று.

இந்நிகழ்ச்சியில் நிர்வாகத்தின் நோயும் தெளிவாகத் தெரிகின்றது. கடிதம் வந்தது, ஏற்கப்படவில்லை. அச்சுறுத்தல் தெரிந்தது, காவல் தரப்படவில்லை. பொறுப்பை அவர் தலையிலேயே வைத்துவிட்டு, அவரைக் காக்கும் பொறுப்பை மட்டும் எவரும் ஏற்கவில்லை. அதிகாரம் மேலும் இழப்பு கீழும் இருத்தலே தீய நிர்வாகத்தின் இலக்கணம்.

பிரிந்து சென்ற பிள்ளைகள்

இன்னொரு இழப்பையும் சொல்லவேண்டும். வந்தாறுமூலையில் ஒரு காலத்தில் தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் ஒரே வாங்கிலே அமர்ந்து படித்தனர். போர்ச்சூழலில் முஸ்லிம் மாணவருக்கு அங்கே படிப்பது இயலாததாயிற்று. இடம்பெயர்ந்த மாணவரின் பொருட்டு 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையிலே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தது. 1996இல் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகி, பின்னர் ஒலுவிலிலே நிலைகொண்டது. இன்று அது வளர்ந்து நிற்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், அது பிறந்த காரணம் நமக்குப் பெருமை தருவதன்று. ஒரே வாவியின் நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் ஒரே நூல்நிலையத்திலே அமரமுடியாமற் போனமை காவல் குலைந்ததன் விளைவேயாம்.

நம் கையிலுள்ள குற்றம்

படைகளையும் இயக்கங்களையும் அரசாங்கத்தையும் குறைசொல்லி முடித்துவிட்டால் இக்கட்டுரை எனக்கு எளிதாக முடிந்துவிடும். ஆனால் துப்பாக்கியில்லாமலே மாணவனை மாணவன் கொல்லும் ஒரு வழக்கம் நம்மிடையே உண்டு. அதற்குப் பகிடிவதை என்று பெயர்.

1975இல் பேராதனை விடுதியொன்றிலே பகிடிவதைக்கு அஞ்சி மாடியிலிருந்து குதித்த ரூபா இரத்னசீலி என்னும் மாணவி வாழ்நாள் முழுதும் முடமானார். 1997இல் பேராதனைப் பொறியியற்பீட மாணவர் வரப்பிரகாஷ், பகிடிவதையின் பேரால் வருத்தப்பட்டுச் சிறுநீரகம் பழுதாகி மாண்டார். அவரும் தமிழ்த் தாய் பெற்ற பிள்ளை. அதன் பின்னரே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தது, வழக்கம் போகவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எவ்விடத்தில் நடந்தது என்று பெயர் கூறுதல் என் நோக்கமன்று. புதுமுக மாணவனாயிருந்த நாள்களில் என்னையும் நண்பன் ஒருவனையும் சிரேஷ்ட மாணவர் சிலர் நள்ளிரவு தாண்டியும் முழந்தாளில் நிறுத்தினர். நண்பனுக்குக் காய்ச்சல் கண்டது. நாங்கள் முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். ‘பார்க்கிறோம்’ என்றார் ஒருவர். ‘மேலே அனுப்பியாயிற்று’ என்றார் இன்னொருவர். ‘தம்பி, இதெல்லாம் பெரிதாக்காதேயும்; நாங்களும் பட்டுத்தான் வந்தோம்’ என்றார் மூன்றாமவர். அந்தக் கடிதத்துக்கு இன்றளவும் பதில் இல்லை. நண்பன் படிப்பைவிட்டுக் கடல் கடந்து வேலைக்குப் போய்விட்டான். அவனை வழியனுப்பிய நாளிலே அவன் தாயார் என்னிடம், ‘மகன், நீயாவது முடிச்சுப்போட்டு வா’ என்றார். அந்தச் சொல்லின் பாரம் இன்னும் என் தோளில் இருக்கிறது.

1990இன் பெருந்துயரத்தோடு இதை ஒப்பிடுதல் ஆகாது, ஒப்பிடவும் இல்லை. ஆயினும் பதிலில்லாத முறைப்பாடும் பதிலில்லாத பட்டியலும் ஒரே நோயின் சிறிதும் பெரிதுமான வடிவங்கள். சிறியதற்குப் பதில் சொல்லப் பழகாத நிர்வாகம் பெரியதற்கு எவ்வாறு பதில் சொல்லும்? சக மாணவனை முழந்தாளிடச் செய்து மகிழ்பவன், நாளை வேறொருவன் தன்னை முழந்தாளிடச் செய்யும்போது எந்த முகத்தோடு நியாயம் கேட்பான்?

செய்யத்தக்கன

வரலாறு படிப்பது பெருமூச்சு விடுதற்கன்று. மேலே கண்டவற்றிலிருந்து சில காரியங்கள் தாமே புலப்படுகின்றன.

முதலாவது, எழுதிவைத்தல். மாணவன் கொடுக்கும் ஒவ்வொரு முறைப்பாடும் திகதியிட்டுப் பதியப்படவேண்டும். இன்ன நாளுக்குள் இன்ன பதில் என்ற வரையறை வேண்டும். வந்தாறுமூலை ஆசிரியர் முகாமிலே செய்ததை, அமைதிக்காலத்தில் ஓர் அலுவலகம் செய்ய இயலாதா?

இரண்டாவது, உபவேந்தர் தெரிவிலே கட்சிச் செல்வாக்கு நுழையாதிருத்தல். பேரவையில் அமர்வோர் கல்வியும் நேர்மையும் உடையோராய் இருத்தல் வேண்டும். மேலிடத்தை நோக்கியே நிற்கும் தலைவர் தம் மாணவரின் முகத்தைக் காணமாட்டார்.

மூன்றாவது, மாற்றுக்கருத்தை இருந்து கேட்டல். நமக்குப் பிடித்ததைச் சொல்லும் உரிமைக்காக வாதாடுவது எளிது. நமக்குப் பிடியாததைச் சொல்பவனுக்கும் மேடை கொடுப்பதே பேச்சுரிமை. ராஜினியின் கதை நமக்குச் சொல்வது இதுவே. கூச்சலிட்டு ஒருவனை இறக்குவது வெற்றியன்று. வாதத்தால் அவனை மாற்றுவதே வெற்றி.

நான்காவது, பகிடிவதையை ‘வழக்கம்’ என்று சொல்லி மறைக்காதிருத்தல். நம் இளைஞரில் எவரேனும் பல்கலைக்கழகம் புகுந்தால், ‘நான் எவனையும் வதைக்கமாட்டேன், வதைப்பதைக் கண்டு வாளாவிருக்கவும் மாட்டேன்’ என்று வீட்டிலே பெரியோர் முன்னிலையில் உறுதி கூறிப் புறப்படட்டும்.

ஐந்தாவது மூத்தோரை நோக்கிய வேண்டுகோள். ஐயாமாரே, அம்மாமாரே! 1990இல் அந்த வளாகத்திலே தங்கியிருந்தவர்கள் உங்களுள் இன்னும் பலர் உள்ளீர்கள். நீங்கள் கண்டதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பேரர்களை எழுதச் சொல்லுங்கள். அச்சத்தினால் முப்பத்தைந்து ஆண்டு மூடிவைத்த நினைவு, சொல்லாமலே உங்களோடு போய்விடுமாயின் அது இரண்டாம் முறை நிகழும் காணாமற்போதலாகும்.

முடிவுரை

பாரிஸ் மாணவர் நகரைவிட்டு நீங்கினர். பேர்க்லி ஆசிரியர் கை உயர்த்தி வாக்களித்தனர். வந்தாறுமூலை ஆசிரியர் பெயர்களை எழுதினர். காலமும் தேசமும் வேறாயினும் அவர்கள் செய்தது ஒன்றே. அறிவின் வாயிலுக்குள் வந்தவனைக் கைவிடமாட்டோம் என்று அவர்கள் நின்றனர்.

இளைஞர்களே, அந்த வாயிலுக்குள் நாளை நீங்களும் உங்கள் தம்பி தங்கையரும் புகப்போகிறீர்கள். உள்ளே போகும்போது கையிலே புத்தகமும் மனத்திலே அந்த நூற்றைம்பத்தெட்டுப் பேரும், வீடு திரும்பாத ஓர் உபவேந்தரும், தோழனுக்காக உண்ணாதிருந்த மாணவரும் இருக்கட்டும். அவர்களுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு ஒன்றுண்டு. இனி ஒரு தாயும் அவ்வாயிலிலே நின்று, ‘என் பிள்ளை எங்கே?’ என்று கேட்டுப் பதிலின்றித் திரும்பாதபடி அப்பல்கலைக்கழகத்தை நடத்துவதே அது. அக்கடமையை ஏற்போமாக.